இப்போது இது யார் பொறுப்பு?

2010ஆம் ஆண்டின் இறுதியில் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதழில் ஓர் ஆய்வு முடிவு வெளிவந்தது. இதயச் செயலிழப்பால் மருத்துவமனையில் சேர்ந்து, அண்மையில் வீடு திரும்பிய அமெரிக்கர்கள் 1,653 பேர் அதில் கலந்துகொண்டார்கள். பாதிப் பேருக்கு வழக்கமான கவனிப்பு. மீதிப் பேர் தினமும் ஒரு கட்டணமில்லாத எண்ணை அழைக்க வேண்டும். பதிவுசெய்த குரல் ஒன்று கேள்வி கேட்கும். மூச்சு வாங்குகிறதா? கால் வீங்கியிருக்கிறதா? காலையில் எடை எவ்வளவு? தொலைபேசியின் எண்களை அழுத்திப் பதில் சொல்ல வேண்டும். அந்தப் பதில்களை மருத்துவர் தரப்பு வேலைநாட்களில் எடுத்துப் பார்க்கும். 180 நாள் கழித்துக் கணக்கெடுத்தார்கள். தொலைபேசிக் கண்காணிப்பில் இருந்தவர்களில் 52.3 சதவீதம் பேர் மீண்டும் மருத்துவமனையில் சேர்ந்திருந்தார்கள் அல்லது இறந்திருந்தார்கள். வழக்கமான கவனிப்பில் இருந்தவர்களில் அது 51.5 சதவீதம். கண்காணிப்பால் எந்தப் பயனும் இல்லை.

எடையைக் கேட்டதற்கு வலுவான காரணம் உண்டு. இதயம் பலவீனமாகி இரத்தத்தைப் போதிய அளவு தள்ளாதபோது, உடம்பில் நீர் குறைந்துவிட்டதாகச் சிறுநீரகம் தப்பாக எடுத்துக்கொள்கிறது. உப்பையும் நீரையும் பிடித்துவைக்கத் தொடங்குகிறது. ஒரு லிட்டர் நீர் தேங்கினால் ஒரு கிலோ எடை கூடும். நுரையீரலில் நீர் கோத்து நள்ளிரவில் மூச்சுத் திணறுவதற்குச் சில நாள் முன்பே எடைப்பொறி அதைக் காட்டிவிடலாம். மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறினால் டாக்டரிடம் சொல்ல வேண்டும். பெரும்பாலும் நீர் மாத்திரையின் அளவைக் கூட்டுவார். தினமும் எடை தெரிந்தால் ஆபத்தைத் தடுத்துவிடலாம் என்று நினைத்ததில் பிழை இல்லை. பிறகு ஏன் பயன் இல்லாமல் போனது?

ஒரு விடை அந்த ஆய்வுக்குள்ளேயே இருக்கிறது. கண்காணிப்புக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களில் சுமார் 14 சதவீதம் பேர் ஒருமுறைகூட அந்த எண்ணை அழைக்கவில்லை. கடைசி வாரத்தில் மூன்று முறையாவது அழைத்தவர்கள் 55 சதவீதம்தான். மனிதர் யாரும் எதிரே இல்லாத ஒரு தொலைபேசிக்கு, உடம்பு முடியாதவர்கள் நாள்தோறும் பதில் சொல்லிக்கொண்டிருக்க மாட்டார்கள். எண்கள் ஒழுங்காக வந்தாலும், அவற்றை எடுத்துப் பார்ப்பது வேலைநாட்களில் மட்டும்தான். சனிக்கிழமை ஏறிய எடையைத் திங்கட்கிழமைதான் யாராவது பார்ப்பார்கள்.

ஜெர்மனியில் இதே கேள்வியோடு மல்லுக்கட்டியவர் பெர்லின் சாரிட்டே மருத்துவமனையின் ஃபிரீட்ரிஷ் கோலர். அவருடைய குழுவின் முதல் ஆய்வு 2011இல் வெளிவந்தது, 710 நோயாளிகள், இறப்பில் குறைவு இல்லை. அவர்கள் சோர்ந்துவிடாமல் அந்தத் தரவுகளைத் துருவிப் பார்த்தார்கள். அண்மையில் மருத்துவமனையில் இருந்து வந்தவர்களுக்கும், மனச்சோர்வு இல்லாதவர்களுக்கும் பயன் இருந்திருக்கலாம் என்று தெரிந்தது. அப்படிப்பட்ட 1,571 பேரைச் சேர்த்து இரண்டாவது ஆய்வை நடத்தி, 2018இல் 'லான்செட்' இதழில் வெளியிட்டார்கள். இதய, இரத்தக்குழாய் நோயால் எதிர்பாராமல் மருத்துவமனையில் கிடந்த நாட்களும் இறப்பால் இழந்த நாட்களும் சேர்த்து, வழக்கமான கவனிப்பில் ஆண்டுக்கு 24.2 நாள்; கண்காணிப்பில் இருந்தவர்களுக்கு 17.8 நாள். நூறு பேரை ஓராண்டு கவனித்தால் ஏறத்தாழ 11 பேர் இறந்த இடத்தில் 8 பேர்தான் இறந்தார்கள்.

இங்கேயும் எடைப்பொறிதான், கூடவே பி.பி., இ.சி.ஜி., ஆக்சிஜன் அளவு, இன்று எப்படி இருக்கிறது என்ற நோயாளியின் சொந்த மதிப்பீடு. கருவிகள் தாமே எண்களை அனுப்பிவிடும். நோயாளி பொத்தான்களோடு போராட வேண்டியதில்லை. எண்கள் போய்ச் சேரும் மையத்தில் இருபத்துநான்கு மணி நேரமும் மருத்துவரும் செவிலியரும் இருந்தார்கள். மருந்தை மாற்றும் அதிகாரம் அவர்களுக்கு இருந்தது. வீட்டுக்குப் பேசுவார்கள், உள்ளூர் டாக்டருக்குச் சொல்வார்கள், தேவையானால் மருத்துவமனைக்கு அனுப்புவார்கள். மாதம் ஒருமுறை செவிலியர் அழைத்துப் பேசுவார். இரண்டு நாட்டு ஆய்வுகளையும் நேருக்கு நேர் ஒப்பிடுவது சரியாகாது. நோயாளிகள் வேறு, காலம் வேறு, மருந்துகளும் மாறியிருந்தன. ஆனாலும் அவற்றை அடுத்தடுத்து வைத்துப் படிக்கும்போது எனக்கு ஒன்று தெளிவாகத் தெரிகிறது. வீட்டு மருத்துவத்துக்கு மென்பொருள் செய்கிறவர்கள் முதலில் வரைய வேண்டியது தகவல் போகும் பாதையை விட, பொறுப்பு கைமாறும் பாதையைத்தான்.

மருத்துவமனையில் பொறுப்புக்குச் சுவர்கள் உண்டு. ஷிஃப்ட் மாறும்போது நர்ஸ்கள் படுக்கை படுக்கையாக நின்று ஒப்படைப்பார்கள். கேஸ் ஷீட் கட்டிலின் கால்மாட்டில் தொங்கும். டாக்டர் ரவுண்ட்ஸ் வருவார். வீட்டில் இந்தச் சுவர்கள் எதுவும் இல்லை. பக்கவாதத்தில் படுத்துவிட்ட ஒரு பெரியவரை எடுத்துக்கொள்வோம். காலையில் சர்க்கரை பார்த்து இன்சுலின் போட வேண்டும். மூக்குக் குழாய் வழியாகக் கஞ்சி. இரண்டு மணிக்கொருமுறை புரட்டிப் படுக்கவைக்காவிட்டால் படுக்கைப் புண் வரும். யூரின் பையை அளந்து கொட்ட வேண்டும். நர்ஸ் வாரம் இரண்டு நாள் வருவார். இயன்முறை மருத்துவர் சில நாள். டாக்டர் மாதத்துக்கு ஒருமுறை, அதுவும் பல நேரம் போனில். மீதி மணி நேரம் முழுவதும் மனைவி, மருமகள், மகள், அல்லது ஏஜென்சி அனுப்பிய அட்டெண்டர். மருத்துவத்தின் பெரும்பகுதியைச் செய்கிறவர் மருத்துவம் படிக்காதவர்.

இந்த வேலையைச் சமூகவியலாளர்கள் கூர்ந்து பார்த்திருக்கிறார்கள். ஜூலியட் கார்பினும் ஆன்செல்ம் ஸ்ட்ராஸும் 1980களில் அமெரிக்காவில் நாள்பட்ட நோயோடு வாழும் தம்பதிகளிடம் பேசி, நோயைச் சமாளிப்பதில் உள்ள வேலைகளைப் பிரித்துக் காட்டினார்கள். மருந்து கொடுப்பது ஒரு வேலை. அந்த மருந்து தீர்வதற்குள் வாங்கி வைப்பது, டாக்டர் நேரத்தையும் வண்டியையும் லீவையும் பொருத்துவது, ஒருவர் சொன்னதை இன்னொருவருக்குச் சொல்வது எல்லாம் அதற்கு மேல் இன்னொரு வேலை. இந்த இரண்டாவது வேலை எந்தப் பதிவேட்டிலும் வராது. வீட்டுக்காரர்களைச் சோர்ந்துபோக வைப்பது பெரும்பாலும் இதுதான்.

மென்பொருள் எப்போது தோற்கிறது என்பதற்கு ஜொனாதன் கிரடின் 1988இல் எழுதிய ஒரு கட்டுரை இன்றும் சரியான விளக்கம். பலர் சேர்ந்து பயன்படுத்தும் மென்பொருளில், கூடுதல் வேலை ஒருவர் தலையிலும் அதன் பலன் வேறொருவர் கையிலும் விழுந்தால் அது தங்காது என்றார் அவர். அவர் காட்டிய உதாரணங்களில் ஒன்று அலுவலக நாட்காட்டி. கூட்டம் போட நினைக்கும் மேலாளருக்கு எல்லாருடைய நேரமும் திரையில் தெரிந்தால் வசதி; அதற்காகத் தினமும் தம் நேரத்தைப் பதிந்துகொண்டிருக்க வேண்டியது மற்றவர்கள். அவர்கள் சில நாளில் விட்டுவிடுகிறார்கள்.

வீட்டுப் பராமரிப்பில் இதற்கு மிகப் பெரிய சாட்சி அமெரிக்காவிலேயே இருக்கிறது. 2016 டிசம்பரில் நிறைவேறிய ஒரு சட்டம், அரசு மருத்துவ உதவித் திட்டத்தில் வீடு வீடாகச் செல்லும் பராமரிப்பாளர்களின் வருகையை மின்னணு முறையில் பதியவேண்டும் என்றது. ஆறு விவரங்கள் கட்டாயம்: என்ன சேவை, யாருக்கு, எந்தத் தேதி, எந்த இடம், யார் செய்தார், எப்போது தொடங்கி எப்போது முடிந்தது. மோசடியைத் தடுப்பது நோக்கம்; பொதுப்பணம் வீணாகக் கூடாது என்பது நியாயமும்கூட. ஆனால் ஆறையும் திரும்பப் படித்துப் பாருங்கள். நோயாளி எப்படி இருந்தார் என்பது அந்த ஆறில் இல்லை. பல மாநிலங்களில் ஃபோனின் ஜி.பி.எஸ். வழியாக இடம் பதியப்பட்டது. தாங்கள் எங்கே போனோம் என்பதும் கூடவே பதிவாகிறது என்று மாற்றுத்திறனாளிகள் கோபத்தோடு எதிர்த்தார்கள். பராமரிப்பாளர் தினமும் உழைத்துப் பதியும் ஒரு கருவி அவருக்கும் நோயாளிக்கும் ஒன்றுமே திருப்பித் தராமல் இருப்பது, என் பார்வையில், வடிவமைப்பின் முதல் குற்றம்.

திருப்பித் தருவது என்றால் என்ன? வேறொரு வீட்டில், இரவு பதினொரு மணிக்கு ஒரு மருமகள் "மாமா ரெண்டு வாய்தான் சாப்பிட்டார், இன்சுலின் போடவா?" என்று பதிந்தால், பதில் வர வேண்டும். இன்சுலின் போட்டு உணவு உள்ளே போகாவிட்டால் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கும். போடாமலே விட்டால் ஏறும். அவருக்கு அந்த நேரத்தில் வேண்டியது நோயாளியின் முந்தைய முப்பது நாள் சர்க்கரை வரைபடம் இல்லை. இந்த நோயாளிக்கென்று டாக்டர் முன்கூட்டியே எழுதிவைத்த ஒரு வரி: சாப்பாடு பாதிக்கும் கீழே போனால் எந்த ஊசியை எவ்வளவு குறைக்க வேண்டும், எந்த எண்ணுக்குக் கீழே போனால் யாரை அழைக்க வேண்டும். அதைத் திரையில் கொண்டுவந்து நிறுத்தும் செயலியை அவர் மறுநாளும் திறப்பார்.

பல வீடுகளில் இந்த வேலையை ஒரு நாற்பது பக்க நோட்டு செய்துகொண்டிருக்கிறது. படுக்கைக்கு அருகே கிடக்கும். நேரம், சர்க்கரை, பி.பி., எத்தனை முறை மலம் போனார், எவ்வளவு தண்ணீர் குடித்தார், 'காலை முதல் முனகல்' என்று எல்லாம் இருக்கும். யார் வேண்டுமானாலும் எழுதலாம், யார் வேண்டுமானாலும் படிக்கலாம், கடவுச்சொல் வேண்டாம். நர்ஸ் வந்ததும் முதலில் அதைத்தான் புரட்டுகிறார். செயலி செய்பவர்கள் இந்த நோட்டை ஒழிக்க அவசரப்படுகிறார்கள். அதைப் பல வீடுகளில் உட்கார்ந்து படித்துவிட்டு வந்தால் அவர்களுடைய திரைகள் வேறு மாதிரி இருக்கும். 'முனகல்' என்பதற்குப் படிவத்தில் இடம் இல்லாவிட்டால், முனகலைக் கேட்ட ஒரே ஆளின் அறிவு பதிவுக்குள் வராமலே போய்விடும்.

அதற்காக எல்லாவற்றையும் எழுதித் தள்ளும்படி விட்டுவிடவும் முடியாது. பத்துப் பக்கத்தை டாக்டர் படிக்க மாட்டார். இந்த இழுபறிக்கு நான் பார்த்தவற்றில் பொருத்தமான விடை, அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில் ஒமாஹா நகரின் வருகைச் செவிலியர் சங்கத்தில் 1970களில் தொடங்கி உருவாக்கப்பட்ட 'ஒமாஹா முறை'. செவிலியர்கள் தங்கள் அன்றாட வேலையிலிருந்தே அதைச் செதுக்கி எடுத்தார்கள். வீட்டில் ஒரு செவிலியர் சந்திக்கும் பிரச்சினைகள் 42 என்று வகுத்திருக்கிறார்கள். வலி, தோல், இரத்த ஓட்டம் மட்டும் இல்லை. வருமானம், குடியிருப்பு, துப்புரவு ஆகியவையும் பட்டியலில் உண்டு. ஒவ்வொரு பிரச்சினைக்கும் ஒன்று முதல் ஐந்து வரை மூன்று மதிப்பெண்: இதைப் பற்றி நோயாளிக்கும் குடும்பத்துக்கும் எவ்வளவு தெரியும், தெரிந்ததை எவ்வளவு செய்கிறார்கள், உடம்பின் நிலை என்ன.

இந்த மூன்றாகப் பிரித்தல் எவ்வளவு நுட்பமானது என்பதை இதய நோயாளியை வைத்தே பார்க்கலாம். உப்பைக் குறைக்க வேண்டும் என்று அவருக்கு நன்றாகவே தெரியும்: நான்கு மதிப்பெண். வீட்டில் எல்லாருக்கும் ஒரே சாம்பார், ஒரே ஊறுகாய்: நடைமுறைக்கு இரண்டு. கால் வீக்கம்: மூன்று. மருத்துவமனைக் கோப்பு வீக்கத்தை மட்டும்தான் பார்த்திருக்கும், மாத்திரையைக் கூட்டியிருக்கும். செவிலியரின் பதிவு அடுத்த முறை வருபவரைச் சமையலறைக்கு அனுப்புகிறது. திரும்பத் திரும்ப 'உப்பு குறைங்க' என்று பாடம் எடுக்க வேண்டாம், சமைப்பவரிடம் போய்ப் பேசு என்கிறது.

நெதர்லாந்தில் யோஸ் டெ ப்ளோக் என்ற செவிலியர் 2006இல் தொடங்கிய 'பூர்ட்ஸோர்க்' இந்த முறையைத்தான் தன் மென்பொருளின் உள்ளே வைத்தது. பன்னிரண்டு பேருக்கு மேற்படாத செவிலியர் குழுக்கள், மேலாளர் கிடையாது, ஒரு பகுதியின் நோயாளிகளை அந்தக் குழுவே பங்கிட்டுப் பார்த்துக்கொள்கிறது. இன்று அந்நாட்டில் பல ஆயிரம் செவிலியர்கள் அதில் இருக்கிறார்கள். மேலே ஒருவருக்கு அறிக்கை கொடுக்கவேண்டிய அவசியம் குறைந்துவிட்டதால், பதிவு என்பது நாளைக்கு அதே வீட்டுக்குப் போகும் சக செவிலியருக்கு எழுதுவதாக மாறியது. யாருக்காக எழுதுகிறோம் என்பது முகத்தோடு தெரியும்போது மனிதர்கள் நன்றாக எழுதுகிறார்கள்.

நம் ஊரில் நர்ஸ், டாக்டர், குடும்பத்தினர் மூவரையும் இப்போது இணைப்பது பெரும்பாலும் வாட்ஸ்அப் குழு. புண்ணைப் படம் எடுத்து அனுப்பலாம்; தட்டச்சு தெரியாத பாட்டி குரலில் பேசி அனுப்பலாம். இந்தச் சுலபத்தை எந்த மருத்துவச் செயலியும் இன்னும் எட்டவில்லை. ஆனால் அங்கே நீல டிக் விழுந்துவிட்டால் விஷயம் முடிந்தது என்று எல்லாரும் நினைத்துக்கொள்கிறார்கள். டாக்டர் பார்த்தார், நர்ஸ் செய்வார் என்று நினைத்தார். நர்ஸ் பார்த்தார், டாக்டர் பதில் போடுவார் என்று காத்திருந்தார். துபாயில் இருக்கும் மகன் பார்த்தார், ஊரில் அக்கா இருக்கிறாரே என்று நிம்மதியானார். இத்தனை பேர் பார்த்த செய்தியை ஒருவரும் எடுத்துக்கொள்ளவில்லை. ஒரு மணி நேரத்தில் அதன்மேல் பத்து 'குட் மார்னிங்' ஏறிவிடுகிறது.

ஆகவே, பகிர்ந்த பராமரிப்புக்கான மென்பொருளில் ஒரு செய்திக்குக் குறைந்தது மூன்று நிலை வேண்டும்: அனுப்பியாயிற்று, பார்த்தாயிற்று, 'நான் எடுத்துக்கொண்டேன்.' மூன்றாவதை ஒரு பெயரும் நேரமும் இல்லாமல் பதிய முடியாதபடி செய்ய வேண்டும். குறித்த நேரத்துக்குள் யாரும் எடுத்துக்கொள்ளாவிட்டால் செய்தி தானாக அடுத்தவருக்கு ஏற வேண்டும். அந்த அடுத்தவர் யார் என்பது நோயாளி வீடு திரும்பும் அன்றே முடிவாகியிருக்க வேண்டும். எல்லாவற்றையும்விட, 'இன்னார் எடுத்துக்கொண்டார்' என்பது வீட்டில் இருப்பவருக்குத் தெரிய வேண்டும். இதை எழுதுவது எளிது. செயல்படுத்தும்போது டாக்டர்கள் தயங்குவார்கள், ஏனென்றால் பெயர் விழுந்தால் பொறுப்பும் விழுகிறது. இரவு நேரப் பொறுப்புக்கு யார் சம்பளம் கொடுப்பது என்ற கேள்வி உடனே எழும். அது எழட்டும். மென்பொருளால் மூடி மறைக்கக்கூடாத கேள்வி அது. பயன் தெரிந்த பெர்லின் ஆய்வில் இரவிலும் பொறுப்பில் ஆள் இருந்தார்கள். 2020 டிசம்பரில் ஜெர்மனி இந்தக் கண்காணிப்பைப் பொது மருத்துவக் காப்பீட்டில் சேர்க்க முடிவெடுத்தது.

டென்மார்க்கின் பொது மருந்துப் பட்டியல் இதே எண்ணத்தை மருந்துகளுக்குக் கொண்டுபோகிறது. ஒருவருடைய மருந்துகள் அனைத்தும் நாடு முழுதுக்குமான ஒரே பட்டியலில் இருக்கின்றன. குடும்ப டாக்டர், மருத்துவமனை, வீட்டுக்கு வரும் நகராட்சிச் செவிலியர், நோயாளி எல்லாரும் பார்ப்பது அதே பட்டியல். அதில் எனக்குப் பிடித்த அம்சம், 'இன்று இந்தப் பட்டியல் முழுவதையும் சரிபார்த்தேன்' என்று டாக்டர் குறிக்க ஓர் இடம் இருப்பது. ஒரு மாத்திரையைச் சேர்ப்பது வேறு, மொத்தத்துக்கும் பொறுப்பேற்பது வேறு. ஒரே மருந்து பல கம்பெனிப் பெயர்களில் விற்கும் நம் நாட்டில் இந்தக் குறி இன்னும் அவசியம். இதய டாக்டர் எழுதிய பி.பி. மாத்திரையும் பொது டாக்டர் எழுதிய பி.பி. மாத்திரையும் வேறு வேறு அட்டையில், வேறு வேறு நிறத்தில், உள்ளே ஒரே மருந்தாக இருக்கும். வீட்டில் இரண்டையும் விசுவாசமாகக் கொடுத்துக்கொண்டிருப்பார்கள்.

பட்டியல் ஒன்றாக இருந்தாலும் அது பல ஃபோன்களில் வாழ வேண்டியிருக்கிறது. சிக்னல் கிடைக்காத வீடுகள் நம்மிடம் ஏராளம். இங்கே கணினி அறிவியலின் ஒரு பழைய சிக்கல் உயிர்ப் பிரச்சினையாகிறது. காலை பத்து மணிக்கு நர்ஸ் தன் ஃபோனில் நீர் மாத்திரையை 40 மில்லிகிராமிலிருந்து 80 ஆக மாற்றுகிறார், டாக்டர் சொன்னது. பத்தரைக்கு, சிக்னல் இல்லாத வீட்டில், மகள் தன் ஃபோனில் பழைய பட்டியலைத் திறந்து மாத்திரை நேரத்தைத் திருத்துகிறார். மாலையில் இரண்டும் இணையத்தில் சந்திக்கின்றன. 'கடைசியாக எழுதியதே செல்லும்' என்ற விதி, பல மென்பொருள்களில் இயல்பாக அமைந்திருப்பது, மகளின் பதிவை வைத்துக்கொண்டு 80ஐ அழித்துவிடும். யாருக்கும் எச்சரிக்கை வராது. போதாததற்கு ஃபோன்களின் கடிகாரங்களும் ஒத்துப்போவதில்லை. தனித்தனிக் கணினிகளில் நடக்கும் நிகழ்ச்சிகளில் எது முன், எது பின் என்பதைக் கடிகாரத்தை மட்டும் நம்பிச் சொல்ல முடியாது என்பதை லெஸ்லி லாம்போர்ட் 1978லேயே விளக்கிவிட்டார்.

தப்பிக்க வழி உண்டு. எதையும் அழித்து எழுதாமல், ஒவ்வொன்றையும் புதிய வரியாகச் சேர்த்துக்கொண்டே போவது முதல் படி. அதைவிட முக்கியம், 'என்ன கொடுக்க வேண்டும்' என்பதையும் 'என்ன கொடுத்தோம்' என்பதையும் ஒரே பெட்டிக்குள் போடாமல் இருப்பது. முதலாவது டாக்டரின் ஆணை. இரண்டாவது வீட்டில் நடந்த நிகழ்ச்சி; அது எத்தனை வந்தாலும் ஒன்றையொன்று அழிக்காது. புற்றுநோய் வலிக்கு வாய்வழி மார்ஃபின் தரும் வீடுகளில் இதன் அருமை தெரியும். கோழிக்கோட்டில் 1993இல் தொடங்கிய வலி நிவாரண இயக்கம் கேரளம் முழுதும் பரவி, செவிலியரும் தன்னார்வலர்களும் வீட்டுக்கே போய்ப் பார்க்கும் முறையாக வளர்ந்திருக்கிறது. சாதாரண மார்ஃபின் மாத்திரை நான்கு மணிக்கொருமுறை. இடையில் வலி பீறிட்டால் ஒரு கூடுதல் டோஸ். அந்தக் கூடுதல் டோஸ் நேற்று எத்தனை முறை தேவைப்பட்டது என்பதை வைத்துத்தான் அடுத்த அளவை டாக்டர் கணக்கிடுகிறார். கொடுத்தவரின் கணக்கு அங்கே மருந்துச்சீட்டுக்குச் சமமான மருத்துவ ஆவணம்.

சமூக சுகாதாரப் பணியாளர்களுக்காக உருவாக்கப்பட்டு கென்யா, உகாண்டா, நேபாளம் போன்ற நாடுகளில் பயன்படும் 'கம்யூனிட்டி ஹெல்த் டூல்கிட்' என்ற திறந்த மென்பொருள் இணைப்பு இல்லாமலே இயங்கும்படி கட்டப்பட்டது. அதன் அடியில் இருக்கும் 'கௌச்டிபி' தரவுத்தளம், இரண்டு பதிவுகள் மோதினால் ஒன்றை வெற்றியாகக் காட்டினாலும் தோற்றதைத் தூக்கி எறிவதில்லை, பத்திரமாக வைத்திருக்கிறது. ஆனால் கேட்டால்தான் காட்டும். அதைக் கேட்டு வாங்கி, 'இந்த மருந்தில் இரண்டு கூற்று இருக்கிறது' என்று நர்ஸின் திரையில் வைக்கும் வேலை மென்பொருள் எழுதுபவருடையது. மருந்து அளவில் வரும் முரண்பாட்டைத் தீர்க்கும் உரிமை எந்தக் கணினி விதிக்கும் இருக்கக்கூடாது என்பேன்.

யார் எதைப் பார்க்கலாம் என்பதும் வீட்டில் சிக்கலானது. இங்கே சுருக்கமாகவே தொட முடியும். பெரியவருக்குப் புற்றுநோய் என்பது அவருக்கே சொல்லப்படாத வீடுகள் உண்டு. செயலி அறிவிப்பாக அதைச் சொல்லிவிடக் கூடாது. அதே சமயம், நோயாளியின் உடம்பைப் பற்றி அறிய முதல் உரிமை நோயாளிக்கு என்பதைக் குடும்பத்தின் வசதிக்காக மென்பொருள் மறந்துவிடவும் கூடாது. ஏஜென்சி அட்டெண்டருக்கு இன்றைய மருந்தும் எச்சரிக்கைகளும் தெரிய வேண்டும், பத்தாண்டு மனநல சிகிச்சைக் குறிப்பு தேவையில்லை. அவர் வேலை முடித்துப் போன அன்றே அவருடைய அனுமதியும் முடிய வேண்டும்.

தமிழ்நாட்டில் இவை எல்லாம் ஒரே இடத்தில் சந்திக்கும் ஒரு காட்சி உண்டு. 2021 ஆகஸ்ட் 5ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், பெண் சுகாதாரத் தன்னார்வலர்கள் சர்க்கரை, பி.பி. மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள். இயன்முறை சிகிச்சையும் நோய் ஆதரவுச் சிகிச்சையும் அதில் உண்டு. சிறுநீரகம் செயலிழந்து வீட்டிலேயே வயிற்றுவழி டயாலிசிஸ் செய்துகொள்பவர்களுக்கு அதற்கான திரவப் பைகளும் அந்தத் திட்டத்தில் வழங்கப்படுகின்றன.

வயிற்றுவழி டயாலிசிஸில் இயந்திரம் தேவையில்லை. வயிற்றில் பொருத்திய குழாய் வழியாகச் சுமார் இரண்டு லிட்டர் திரவத்தை உள்ளே விட வேண்டும். வயிற்றின் உட்சவ்வே வடிகட்டியாகி, இரத்தத்தின் கழிவுகள் அந்தத் திரவத்துக்குள் இறங்கும். சில மணி நேரம் கழித்து வடித்துவிட்டுப் புதுப் பை. வழக்கமாக ஒரு நாளைக்கு நான்கு முறை. செய்பவர் நோயாளியோ அவர் மனைவியோ மகளோதான். பயப்படவேண்டிய ஒன்று, அந்தச் சவ்வில் கிருமி தொற்றுவது. முதல் அடையாளம், வெளியே வரும் திரவம் கலங்கலாக இருப்பது. பைக்குப் பின்னால் அச்சடித்த தாளைப் பிடித்து, எழுத்து படிக்க முடிகிறதா என்று பார்க்கச் சொல்லிக்கொடுப்பார்கள். தெளிவாகப் படிக்க முடியாவிட்டால் அன்றே சிகிச்சை தொடங்க வேண்டும். மேற்கு ஆஸ்திரேலியாவில் நடந்து 2016இல் வெளியான ஓர் ஆய்வு, நோயாளி மருத்துவமனைக்கு வந்த பிறகு ஆன்டிபயாடிக் கொடுப்பதில் தாமதமாகும் ஒவ்வொரு மணி நேரமும், டயாலிசிஸ் தோற்பதற்கோ இறப்பதற்கோ உள்ள வாய்ப்பை 6.8 சதவீதம் கூட்டுகிறது என்று கண்டது.

இப்படிப்பட்ட வீட்டுக்கு ஒரு செயலி எழுதுகிறோம் என்றால், அதன் முதல் திரையில் பதிவெண்ணும் படிவமும் வேண்டாம். 'திரவம் கலங்கலாக இருக்கிறது' என்று ஒரு பெரிய பொத்தானும், தாளின் மேல் பிடித்த பையைப் படம் எடுக்க ஒரு வசதியும் போதும். சிக்னல் இல்லாவிட்டால் அந்தப் பொத்தான் குறுஞ்செய்தியாகப் போக வேண்டும். அதுவும் போகாவிட்டால் 'போகவில்லை, இந்த எண்ணை அழையுங்கள்' என்று உடனே சொல்லிவிட வேண்டும். பை கொண்டுவரும் தன்னார்வலருக்கு இது தகவலாகத் தெரிந்தால் போதும். தீர்மானிக்கும் சுமையை அவர்மேல் ஏற்றக் கூடாது. செய்தி நேராக, அந்த நேரத்தில் பணியில் இருக்கும் சிறுநீரகப் பிரிவுச் செவிலியருக்குப் போய், அவர் பெயரோடு 'எடுத்துக்கொண்டேன்' என்பது பதினைந்து நிமிடத்துக்குள் வீட்டுக்குத் திரும்ப வேண்டும். கூடவே இரண்டு வரி: வடித்த பையைக் கொட்டிவிடாமல் பரிசோதனைக்கு எடுத்து வாருங்கள், இன்ன மருத்துவமனையில் இன்ன இடத்தில் உங்களுக்காகக் காத்திருக்கிறார்கள். இந்தச் செயலியைச் சோதிக்கிறவர்கள் அதை அலுவலகத்தில் செவ்வாய்க்கிழமை காலையில் சோதிக்க வேண்டாம். ஞாயிறு இரவு ஒன்பது மணிக்கு, டேட்டாவை நிறுத்திவிட்டு, எழுபது வயதான ஒருவர் கையில் ஃபோனைக் கொடுத்துச் சோதிக்கட்டும்.